கல்லுக்குக் காரட் என்ன விலை?

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் எடுக்கப் போகிறவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன், அதிலும் கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்காக. நான் பல வருஷம் மும்பையில், ஓபரா ஹவுஸ் பக்கத்து வைரச் சந்தையில், கல்லைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். தை பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, கோயமுத்தூரில் ஒரு மோதிரம் பார்த்தோம், ஒன்றே கால் லட்சம் சொல்கிறார்கள், சரியான விலைதானா?" இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. யாராலும் முடியாது.

ஏன் என்றால், அந்த ஒன்றே கால் லட்சத்துக்குள் நாலு கணக்கு இருக்கிறது. தங்கம் ஒன்று, வைரம் ஒன்று, செய்கூலி சேதாரம் ஒன்று, கடைசியில் 3 சதவீத ஜி.எஸ்.டி. நாலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிட்டால் எங்கே நியாயம், எங்கே அதிகம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நம் பக்கத்தில் பச்சைத் தேயிலை போடுகிற குடும்பம் எதுவாவது, மூட்டைக்கு மொத்தமாக இவ்வளவு வைத்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்ளுமா? கிலோ என்ன விலை என்றுதான் கேட்போம், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்போம். மோதிரக் கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். இந்தக் கல் காரட் என்ன விலை? வைரத்தை எடை போடும் அளவுதான் காரட். இன்றைக்கு நான் சொல்வதில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வியை மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

தங்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். வைரம் பதித்த மோதிரம் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில்தான் வரும், 14 காரட்டிலும் வரும். தங்கத்தில் காரட் என்றால் எடை இல்லை, சுத்தத்தின் அளவு. 22 காரட் மிருதுவான தங்கம், கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் நகங்கள் நாளடைவில் விரிந்துவிடும். ஆகவே ரசீதில் போட்டிருக்கும் கிராம் விலை 18 காரட்டுக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஹால்மார்க் முத்திரையில் 750 என்று இருந்தால் 18 காரட். கூடவே எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை. ஹால்மார்க் இருக்கிறதே, வைரம் நல்லதாகத்தான் இருக்கும் என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இல்லை, தங்கத்துக்கு மட்டும்.

எடையையும் கவனியுங்கள். வைரத்தில் 1 காரட் என்றால் 200 மில்லிகிராம், அதையே 100 சென்ட் என்போம். அரைக் காரட் கல் 0.1 கிராம். மோதிரத்தைத் தராசில் வைத்தால் கல்லும் சேர்ந்துதான் நிற்கும், அந்தக் கல் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்தின் விலை போட வேண்டும். ரசீதில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் கல்லுக்கு ஒரு தடவை வைர விலையும், அதே கல்லுக்கு இன்னொரு தடவை தங்க விலையும் கொடுக்கிறீர்கள். அப்புறம் செய்கூலி. அது தங்கத்தின் மதிப்புக்கு மேல் போட்டதா, வைரத்தையும் சேர்த்த மதிப்புக்கு மேல் போட்டதா என்று கேளுங்கள். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும்.

சரி, கல்லுக்கு வருவோம்.

காரட் என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் சொல்வார். அந்த விலை எந்தத் தரத்துக்கு என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் சான்றிதழ். அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ., பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் 1975-இல் தொடங்கிய ஐ.ஜி.ஐ., கல்லைச் சோதித்துத் தரம் சொல்லும் இந்த இரண்டு ஆய்வகங்களின் சான்றிதழ்கள்தான் நம் கடைகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பவை. கடையே அச்சடித்துக் கொடுக்கிற அட்டை சான்றிதழ் ஆகாது, விற்கிறவரே மார்க் போட்டுக்கொள்வது அது. ஜி.ஐ.ஏ. எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் அதே விவரம் வரும், பல கற்களில் அந்த எண்ணை விளிம்பிலேயே லேசரில் பொறித்திருப்பார்கள், பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். இரண்டு கடையில் விலை ஒப்பிடும்போது ஜி.ஐ.ஏ. கல்லை ஜி.ஐ.ஏ. கல்லோடு, ஐ.ஜி.ஐ. கல்லை ஐ.ஜி.ஐ. கல்லோடு வையுங்கள். ஒரே கல்லுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒரு படி மாறுவது உண்டு, ஒரு படி மாறினால் காரட் விலை மாறும்.

சான்றிதழில் நிறம் டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை போகும். டி, ஈ, எஃப் நிறமே இல்லாதவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமில்லாதவை. நம் வீடுகளில் மோதிரம் என்றால் மஞ்சள் தங்கம்தான். மஞ்சள் தங்கத்தில் பதித்த கல்லில் ஐ, ஜே நிறத்தின் லேசான மஞ்சள் கண்ணுக்கே தெரியாது, அதற்கு ஈ நிறம் வாங்கிப் பணத்தைப் போட வேண்டிய தேவை இல்லை. வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஜி, எச் பாருங்கள்.

களங்கம் பற்றி நம்மவர்களுக்குப் பயம் அதிகம், அந்தப் பயம் பழையது. மதுரைக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரமே வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நாலாகப் பிரிக்கிறது. காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு அதையே பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பார்த்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று, களங்கம் கூடக் கூட ஒரு படி இறக்கி, எழுதுகிறார்கள். வி.வி.எஸ்.1-க்கும் வி.எஸ்.2-க்கும் வெறும் கண்ணில் வித்தியாசம் காண முடியாது, நானும் லூப் இல்லாமல் சொல்ல மாட்டேன். வீட்டுப் பெரியவர்கள் தோஷம் இருக்கக் கூடாது என்றால் அவர்கள் மனசுக்காக வி.வி.எஸ். வாங்குங்கள், தப்பே இல்லை. அந்த மனநிறைவுக்கு எவ்வளவு கூடுதல் பணம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

எனக்கு முக்கியம் வெட்டு. டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919-இல், உருண்டை வைரத்தை எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் உள்ளே போன வெளிச்சம் திரும்ப மேலேயே வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கோணம் தப்பினால் வெளிச்சம் அடியில் ஒழுகிவிடும், கல் எத்தனை வி.வி.எஸ். ஆக இருந்தாலும் நடுவில் மங்கித்தான் கிடக்கும். தெரிந்தும் ஏன் அப்படி வெட்டுகிறார்கள்? எடைக்காக. அரைக் காரட், முக்கால், ஒரு காரட் என்று அந்தக் குறிப்பிட்ட எண்ணைத் தொட்டதும் காரட் விலையே ஒரு படி ஏறும், கல்லுக்கு மட்டும் இல்லை, காரட்டுக்கே. அதனால் அடி வயிற்றில் கொஞ்சம் எடையை விட்டுவைத்து அந்த எண்ணைப் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சிறு தேயிலை விவசாயி. மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் இறங்கினார்கள். கடையில் அரைக் காரட் கல் காட்டினார்கள். மேலே வரிசையாக விளக்கு, அந்த வெளிச்சத்தில் கல் நெருப்பாக எரிகிறது. தம்பி, "அத்தை, எப்படி மின்னுது பாருங்க" என்கிறான், அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த விளக்கில் எந்தக் கல்லும் அப்படித்தான் மின்னும். நான் கடைக்காரரிடம், வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்கினார்கள், அப்புறம் மேலாளரே தட்டோடு கூட வந்தார். நல்ல வேளையாக அன்றைக்கு வானம் மூடியிருந்தது. வெள்ளைக் காகிதத்தை மடித்து, அந்த மடிப்பில் கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் பார்த்தோம். லேசான மஞ்சள் தெரிந்தது, அது எனக்குப் பெரிதில்லை. திருப்பி வைத்துப் பார்த்தால் நடுவில் உயிரே இல்லை. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். வெட்டு, 'குட்'. பெயர்தான் அப்படி, 'எக்ஸலண்ட்' என்பதற்கு இரண்டு படி கீழே அது. விட்டம் 4.93 மில்லிமீட்டர். ஒழுங்காக வெட்டிய அரைக் காரட் 5.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிச்சம் எங்கே போயிற்று? அடியில். மோதிரத்துக்குள் மறைந்துபோகும் இடத்தில்.

வேறு கல் காட்டச் சொன்னோம். பெட்டிக்குள்ளிருந்து 48 சென்ட் ஒன்று வந்தது, அதே நிறம், அதே சுத்தம், வெட்டு 'எக்ஸலண்ட்', விட்டம் 5.06. எடையில் சிறியது, விரலில் பெரியதாகத் தெரியும், அரைக் காரட்டைத் தொடாததால் காரட் விலையும் குறைவு. அண்ணனுக்குத்தான் மனசில்லை. "பெண் வீட்டில் எத்தனை சென்ட் என்று கேட்டால் அரைக் காரட் என்று சொல்ல வேண்டாமா?" என்றார். நியாயமான கவலைதான், நம் வீடுகளில் கேட்பார்கள். தம்பி இரண்டு கல்லையும் மறுபடி வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அப்பாவிடம், "சென்ட் கேட்கிறவங்க ஒரு நாள் கேட்பாங்க, அவ தினமும் போட்டுக்கப் போறா" என்றான். 48 சென்ட்டைத்தான் எடுத்தார்கள்.

இந்த வெளிச்ச விஷயத்தை இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் இருக்கும் நமக்கு இது வசதி. நேர் வெயில் படாத, மேகம் மூடிய பகல் வெளிச்சம்தான் கல்லின் நிறம் பார்க்க உகந்தது. அந்தக் காலத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் தரம் பிரிப்பார்கள். சந்தையில் கல்லை மடித்து வைக்கும் பொட்டலத்துக்கு உள்ளே இளநீலத் தாள் இருக்கும், அந்த நீலத்தில் மஞ்சள் அடங்கி கல் வெள்ளையாகத் தெரியும். ஆகவே கடையில் என்ன நிறத் துணி மேல் வைத்துக் காட்டினாலும், வெள்ளைக் காகிதம் கேளுங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ வாங்குகிறீர்கள் என்றால் மூடுபனி நாளில் போங்கள். மோதிரத்தில் பதித்த பிறகு கவிழ்த்துப் பார்க்க முடியாது, அதனால் முடிந்தவரை பதிக்காத கல்லைத் தேர்ந்தெடுத்து அப்புறம் பதிக்கச் சொல்லுங்கள்.

நீலம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் தோட்டில் இருந்தது 'ப்ளூ ஜாகர்' என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துப் பெயர் அது. புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மாதிரிக் கற்கள் நீலமாக ஒளிவிடும், மலையில் வெயிலில் அந்தக் கதிர் சமவெளியை விட அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் கூடவே தெரியலாம். பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் சான்றிதழில் 'ஃப்ளூரசன்ஸ்' என்ற வரியில் 'ஸ்ட்ராங்' என்று இருந்தால், டி, ஈ, எஃப் நிறக் கற்களுக்கு உலகச் சந்தையில் விலையைக் குறைப்பார்கள். அதே நீலத்தைக் காட்டி உங்களிடம் கூடுதல் விலை கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தள்ளுபடி. ஒரு பேச்சுக்கு, காரட் 2 லட்சம் என்று போட்டு 25 சதவீதம் தள்ளினால் ஒன்றரை லட்சம். அடுத்த கடையில் அதே தரம் தள்ளுபடியே இல்லாமல் 1 லட்சத்து 40 ஆயிரம் என்றால் எது மலிவு? தள்ளிய பிறகு காரட் என்ன விலை, அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

திரும்பக் கொடுத்தால் என்ன தருவார்கள்? மாற்றிக்கொள்ள எத்தனை சதவீதம், பணமாக வேண்டும் என்றால் எத்தனை சதவீதம், அது அன்றைய விலைக்கா, வாங்கிய விலைக்கா? வாயால் சொன்னது போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இதற்குத் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். அதுவும் வைரம்தான், கண்ணாடி இல்லை, கடையில் தொட்டுப் பார்க்கும் சூட்டுக் கருவி அதையும் வைரம் என்றே காட்டும். ஆனால் விலை சில வருஷங்களில் வெகுவாக இறங்கிவிட்டது, இயற்கை வைரத்தின் விலையில் மிகச் சிறிய பங்குதான், திரும்ப விற்கப் போனால் கிட்டத்தட்ட ஒன்றும் தேறாது. விருப்பப்பட்டு வாங்குங்கள், அந்த விலையில் வாங்குங்கள். ஐ.ஜி.ஐ. சான்றிதழ் எண் எல்.ஜி. என்று தொடங்கினால் அது ஆய்வகக் கல். இயற்கைக் கல் என்று சொல்லி விற்றால் 'இயற்கை வைரம்' என்ற வார்த்தை ரசீதில் இருக்க வேண்டும், காரட் எடையோடு, காரட் விலையோடு, சான்றிதழ் எண்ணோடு. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.