ஒவ்வாமைக்கு மூலிகைத் தேநீர் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பருவகால ஒவ்வாமையைச் சமாளிக்க வீட்டில் போடும் மூலிகைத் தேநீர் போதுமா, போதாதா என்பது தலைப்பு. போதாது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் துளசி, இஞ்சி, அதிமதுரம், புதினா, கெமோமில் என்று வரிசையாகச் சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் குடித்தது, பக்கவிளைவே கிடையாது, மாத்திரை எதற்கு என்று கேட்டார். தேநீரின் அருமையை நான் மறுக்கவில்லை. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் புதினாவைக் கிள்ளிப் போட்டு, கொஞ்ச நேரம் மூடி வைத்துத் திறக்கும்போது முகத்தில் ஓர் ஆவி அடிக்குமே, மூக்கடைப்பால் தவிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! சளி இளகும், வறண்ட தொண்டை நனையும். பருவம் வந்தால் நானும் குடிக்கிறேன். ஆனால் ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு.

சரி, மூக்குக்குள் என்னதான் நடக்கிறது? ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு, மகரந்தத்தை எதிர்க்க ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, மூக்கின் சவ்விலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்புச் செல்கள்மேல் முன்கூட்டியே ஒட்ட வைத்திருக்கிறது. மகரந்தம் வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, கண்ணீர். அதோடு விடுகிறதா? சில மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று வருகிறது. அழற்சி செல்கள் திரண்டு, சவ்வு வீங்கி, மூக்கு அடைத்துக்கொள்கிறது. காலையில் வெளியே போய் வந்தவர் மாலையில் மூச்சுவிடத் திணறுவது இதனால்தான்.

இந்த வீக்கத்தைப் புதினா என்ன செய்யும்? அதிலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் உள்ளே போகும் காற்றை அளந்து பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. இஞ்சியில் அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் உண்டே என்றார் எதிரணித் தோழி. உண்டு. ஆனால் சாரத்தை அளந்து கொடுத்துச் சோதிப்பது ஒன்று, வீட்டுக்கு வீடு வேறு வேறு அளவில் கொதிக்கிற தேநீர் இன்னொன்று.

பக்கவிளைவே கிடையாது என்றார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. கெமோமில் எந்தக் குடும்பத்துச் செடி? சாமந்தி, பார்த்தீனியம், ராக்வீட் என்ற களைச்செடி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். ராக்வீட் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர் கெமோமில் தேநீர் குடித்தால் ஒவ்வாமை கூடவும் செய்யலாம். அதிமதுரத்தை நாள்தோறும் குடித்துவந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்த நோயாளி ஒருவர் பருவம் முழுக்க அதைக் குடித்தால் என்ன ஆவது?

1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடைதோறும் தன்னைப் படுத்திய இந்த நோயை எழுதி வைத்தார். அப்போது உருப்படியான மருந்து கிடையாது. 1911-இல் லியோனார்டு நூன், மகரந்தச் சாற்றையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் முறையை வெளியிட்டார். ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளை 1937-இல் கண்டவர் டேனியல் போவே. 1957-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் மாத்திரை இருக்கிறது. வீக்கத்தையே குறைக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே மூக்குக்கு இருக்கிறது. அது முழுப் பலன் தரச் சில நாள் ஆகும். அதனால் மருத்துவரைக் கேட்டுப் பருவத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. அந்த நாட்களைத் தேநீரை நம்பிக் கழித்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு குழந்தையைப் பாருங்கள். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை. இரவெல்லாம் வாயைத் திறந்தபடி தூக்கம். காலையில் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். கவனமில்லை என்று திட்டும் வாங்கும். அந்தப் பிள்ளைக்குத் தேவையானது தூக்கம், நடுவர் அவர்களே. இளஞ்சூடாகத் தேநீர் கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். நள்ளிரவில் அப்படி ஒருவருக்கு நெஞ்சு இழுக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். இன்ஹேலரை எடுப்பீர்களா, அடுப்பைப் பற்ற வைப்பீர்களா? அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.