உலகப் புகழ்பெற்ற முத்துத் தோடு, முத்தே இல்லையா? திருகோணமலையில் ஒரு நாவலும் ஒரு துளி கராம்பு எண்ணெயும்

[திரையில் ஒரு காது மட்டும். அதில் ஒரு தோடு மின்னுகிறது]

ஒரு பழைய ஓவியத்தில இருக்கிற இந்தத் தோட்டை வடிவாப் பாருங்கோ. இதுக்குக் கொழுக்கி இல்ல. காதில மாட்ட ஒரு வளையம்கூட இல்ல. வெள்ளை நிறத்தில சில பூச்சு, அவ்வளவுதான். முத்து எண்டு நம்புறது எங்கட கண். இந்த ஒரு தோட்டைப் பற்றி, திருகோணமலை டச் பே கடற்கரையில இருந்து நாங்கள் ஏழு பேர் பொழுது சாயும்வரை கதைச்சம்.

வணக்கம் உறவுகளே. பின்னணியைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். வெளிநாட்டு நூதனசாலைகள் சிலதில வாசிப்பு வட்டம் இருக்கு. கலையைப் பற்றின ஒரு நாவலை வீட்டில வாசிச்சிட்டு வந்து, நூதனசாலையில கூடிக் கதைப்பினம். எங்களுக்கும் ஆசை வந்தது.

எடுத்த நாவல், ட்ரேசி ஷெவலியே 1999இல எழுதின ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. அதே பேரில இருக்கிற ஓவியத்தைச் சுற்றின கதை அது. ஓவியம் ஒல்லாந்த ஓவியர் வெர்மீர் வரைஞ்சது, 1665 அளவில, நெதர்லாந்தின்ர டெல்ஃப்ட் நகரத்தில. இப்ப அதே நாட்டின்ர ஹேக் நகரத்தில, மௌரிட்ஸ்ஹாவுஸ் நூதனசாலையில இருக்கு. 1881இல அதை ஏலத்தில எடுத்தவர் குடுத்தது ரெண்டே ரெண்டு கில்டர் (அப்பத்தை நெதர்லாந்துக் காசு), மேல 30 சதம்!

[திரையில் உட்துறைமுகம், பழைய ஒல்லாந்தர் கட்டிடம்]

ஹேக்குக்குப் போக எங்களால ஏலாது. அதால உட்துறைமுகப் பக்கம் இருக்கிற கடற்படை நூதனசாலையைச் சுற்றிப் பார்த்திட்டு வந்து இருந்தம். அதுவும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம்தான். இந்தப் பொருத்தம் எங்களை எங்க கொண்டுபோய் விட்டது எண்டு கேளுங்கோ.

நாவலில க்ரீட் எண்ட வேலைக்காரப் பிள்ளைக்குக் காது குத்தியிருக்காது. தோடு போட வேணும் எண்டு ஓவியர் சொல்லுறார். அவள் என்ன செய்யிறாள்? மருந்துக்கடையில கராம்பு எண்ணெய் வாங்கி, காதை விறைக்கப் பண்ணி, ஊசியால தானே குத்துறாள்.

கராம்பு எண்ட சொல் வந்ததும் எங்களோட இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா நிமிர்ந்து இருந்தா. “பல்லுக் கொதிச்சா அம்மம்மா வைச்சு விடுற அதே கராம்பு தானே பிள்ளை?” எண்டு கேட்டா. அதே கராம்புதான்! டெல்ஃப்ட் பிள்ளைக்கும் எங்கட அம்மம்மாவுக்கும் ஒரே மருந்து. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

இப்ப யோசியுங்கோ, 1660களில அந்தக் கராம்பு எங்க இருந்து டெல்ஃப்டுக்குப் போயிருக்கும்? இந்தோனேசியாவின்ர மலுக்குத் தீவுகளில இருந்து. கொண்டு போனது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. விலை இறங்கக்கூடாது எண்டு, தங்கட கட்டுப்பாட்டுக்கு வெளியில நிண்ட கராம்பு மரங்களைத் தறிச்ச கம்பனி அது. அந்தக் கம்பனிக்கு நெதர்லாந்தில ஆறு கிளை. அதில ஒண்டு டெல்ஃப்டில.

1639 மே மாதம் போர்த்துக்கீசரிட்ட இருந்து எங்கட திருகோணமலைக் கோட்டையைப் பிடிச்சதும் அதே கம்பனி. 1658இல மன்னாரைப் பிடிச்சு முத்துக்குளிப்பைக் கையில எடுத்ததும் அதுதான். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் எண்டு பேர் வைச்சதும் ஒல்லாந்தர். ஓவியத்தில இருக்கிறது மன்னார் முத்து எண்டு நான் சொல்ல வரேல்ல. முத்தே இல்லை எண்டு சொல்லுற அறிஞர்களும் இருக்கினம். கண்ணாடி, தகரம் எண்டெல்லாம் வாதம். ஆனா அந்தக் கராம்பைக் கொண்டு போன கம்பனியின்ர கையில எங்கட துறைமுகமும் ஒரு காலம் இருந்தது. இதைச் சொல்லாம இந்த நாவலைப் பற்றி நான் இனி ஆரோடையும் கதைக்க மாட்டன்.

சண்டையும் வந்தது. எங்களில ஒரு தம்பி சொன்னான், “அந்தப் பெண் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவவுக்குப் பொய்யா ஒரு சீவியம் எழுதுறது பிழை” எண்டு. நான் ஒத்துக்கொள்ளேல்ல. பேர் இல்லாத ஆளைப் பற்றி வரலாற்றுப் புத்தகம் ஒரு வரியோட நிண்டுடும். மிச்சத்தை நாவல்தான் எழுத வேணும்.

[திரையில் கோணமலை, கீழே கடல்]

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்ல. 1622இல போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிச்சினம். அந்தக் கல்லாலயே கோட்டையும் கட்டினம். முந்நூறு வருசத்துக்கு மேல போய், 1950இல, கோயிலுக்குக் கிட்ட நகரசபை ஆக்கள் கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து செப்புத் திருமேனிகள் வெளிய வந்திச்சு. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார்.

அதுகளை ஒளிச்சுத் தாட்டது ஆர்? எத்தனை பேர் தூக்கினவை? இரவா, பகலா? வீட்டில சொன்னவையா, சொல்லாமலே செத்தவையா? பேர் ஒண்டும் மிஞ்சேல்ல, அந்த ஓவியத்துப் பெண்ணுக்கு மிஞ்சாத மாதிரியே.

அடுத்த சந்திப்புக்கு நாங்கள் நாவல் வாசிக்கப் போறேல்ல. ஆளுக்கு ரெண்டு பக்கம், இந்தக் கதையின்ர தொடக்கத்தை எழுதிக்கொண்டு வரப் போறம். நீங்களும் எழுதுங்கோ, கீழ போடுங்கோ, எல்லாத்தையும் வாசிப்பன். ரீச்சர் அம்மா தன்ர முதல் வரியை அங்கயே சொல்லிட்டா: “அப்பா விடியப்புறம் வந்து கை கழுவினார், தண்ணி முழுக்கச் செம்மண்.”