மஞ்சள் நாய் சுமந்த தபால்

வணக்கம் நேயர்களே. பழைய ஜெர்மன் விமானத் தபால் அட்டைகள் சேகரிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் 1912-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கே நேரம் போதாது.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், ரைன், மைன் ஆறுகளை ஒட்டி, ஹெஸ்ஸன் என்று ஒரு கிராண்ட் டச்சி, அதாவது ஒரு சிற்றரசு இருந்தது. ராஜா மாதிரி ஒரு கிராண்ட் ட்யூக், தலைநகர் டார்ம்ஷ்டாட். அவர் மனைவி எலியோனோர், தாய் சேய் நலப் பணிக்குப் பணம் திரட்ட நினைத்தார். நன்கொடைப் பெட்டியை நீட்டுவதற்குப் பதிலாக ஓர் அஞ்சலட்டைத் திருவிழாவே நடத்தினார்கள். ஜூன் 10-ம் தேதி தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம். அரச குடும்பத்தின் படம் போட்ட அட்டையை நீங்கள் வாங்கலாம், அதை வானத்தில் அனுப்பலாம். விமானத்தையே கண்ணால் பார்த்திராத மக்களுக்கு அது எப்பேர்ப்பட்ட ஆசை காட்டல்! அட்டைகள் லட்சக்கணக்கில் போனதில் ஆச்சரியமே இல்லை.

சுமந்து போனவை இரண்டு. ஒன்று 'ஷ்வாபென்' என்ற செப்பலின் வான்கப்பல், வாயு நிரப்பி மிதக்கவிடும் ராட்சத ஊர்தி. பெரும்பாலான மூட்டைகள் அதில்தான் போயின. இன்னொன்று சின்னதாக ஓர் இரட்டை இறக்கை விமானம். பெயர் 'கெல்பர் ஹுண்ட்', மஞ்சள் நாய். கட்டியவர் ஆகஸ்ட் ஆய்லர், ஜெர்மனியில் விமானி உரிமம் எண் 1 வைத்திருந்த மனிதர். ஓட்டியவர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹிடெஸ்ஸன் என்ற இளம் ராணுவ அதிகாரி. தபால் பையோடு ஃபிராங்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையே பறந்தார். இதே ஹிடெஸ்ஸன்தான் 1914 ஆகஸ்ட் 30 அன்று பாரிஸ் நகரத்தின் மேல் பறந்து குண்டு போட்டவர். வாழ்த்து அட்டை கொண்டுபோனதற்கும் அதற்கும் நடுவே இரண்டே வருஷம்.

சரி, அட்டைக்கு வருவோம். படம் இருக்கிற பக்கத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். முகவரிப் பக்கத்தில் இரண்டு தபால்தலை இருக்கவேண்டும். ஒன்று, கிரீடம் வைத்த பெண் உருவம் உள்ள 'ஜெர்மானியா' தபால்தலை, பச்சை நிறம், 5 ஃபெனிக் (மார்க் என்ற ஜெர்மன் நாணயத்தின் சில்லறைக் காசு). அதுதான் சட்டப்படியான தபால் கட்டணம். பக்கத்தில் விமானத் தபாலுக்கென்றே அச்சடித்த தனித் தலை. 10, 20, 30 ஃபெனிக் என்று மூன்று மதிப்பில் வந்தது. அட்டைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 10. இது பறப்பதற்கும் தர்மத்துக்கும் கொடுத்த காசு. இதை மட்டும் ஒட்டினால் தபால் கட்டணம் கட்டியதாக ஆகாது. அதனால்தான் தபால்தலை கேட்லாக்கில் இவற்றைப் பாதி அரசாங்கத் தபால்தலைகள் என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் முத்திரை. 'ஃப்ளூக்போஸ்ட் ஆம் ரைன் உண்ட் ஆம் மைன்' (ரைன், மைன் ஆற்றங்கரை விமானத் தபால்) என்று சுற்றி எழுதி, ஊர் பெயரும் தேதியும் போட்ட சிறப்பு முத்திரை அது. டார்ம்ஷ்டாட், ஃபிராங்ஃபர்ட், மைன்ஸ், வொர்ம்ஸ், ஓஃபன்பாக் என்று ஊருக்கு ஊர் வேறு. முத்திரையின் ஒரு பகுதி தலையிலும் மிச்சம் அட்டையிலும் விழுந்திருந்தால் எனக்கு நிம்மதி. தலையை உரித்து வேறு அட்டையில் ஒட்டினால் அந்த வட்டம் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சள் நாய் விமானத்துக்கென 10 ஃபெனிக் தலையின் மேலேயே 'கெல்பர் ஹுண்ட்' என்றும் 1 மார்க் என்றும் அச்சடித்து விற்றார்கள். ஆசைப்படாத சேகரிப்பாளர் கிடையாது. போலிக்காரர்களுக்கும் அதே ஆசைதான். சாதாரணத் தலையின் மேல் இரண்டு வார்த்தை அச்சடிப்பது பெரிய வித்தையா என்ன? நிபுணர் சான்று இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஷ்வாபென் கப்பலின் கதை சோகமானது. விழா முடிந்த சில நாட்களிலேயே, ஜூன் 28 அன்று, டியூசல்டார்ஃபில் தரையில் கட்டியிருந்தபோது பலத்த காற்றில் சிக்கி எரிந்து சாம்பலானது. உள்ளே வாயு அடைத்த பைகள் ரப்பர் பூசிய துணி. உரசலில் மின்பொறி பறந்திருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அது சுமந்த காகிதம் மட்டும் இன்னும் ஏலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

வான்கப்பல் அட்டைகளில் எனக்குத் தனிப்பிரியம் உள்ள ரகம் ஒன்று உண்டு. பயணிகள் மேலே இருந்தபடியே எழுதி, கீழே வீசிவிடுவார்கள். கண்டெடுப்பவர் தபால் பெட்டியில் போடவும் என்று ஒரு வேண்டுகோளும் இருக்கும். யாரோ ஒரு விவசாயி வயலில் பொறுக்கி எடுத்து, நேர்மையாகப் பெட்டியில் சேர்த்திருக்கிறார். மண் கறையும் மடிப்பும் உள்ள அப்படிப்பட்ட அட்டையைப் 'பழுது' என்று விலை குறைத்துப் போடுகிற வியாபாரிகள் உண்டு. எனக்கு அது லாபம்தான்.

விழா அட்டைகளில் பலவற்றில் செய்தி என்று ஒன்றுமே இருக்காது. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளவே வாங்கி அனுப்பினார்கள். செய்தி இருந்தாலோ, பழைய ஜெர்மன் கையெழுத்து. இன்றைய ஜெர்மானியர்களே தடுமாறுகிற எழுத்து அது. உடம்பு எப்படி, எப்போது வருகிறாய் என்று நாலு வரி எழுதிய அட்டை ஒரு பக்கம், பளபளவென்று காலியாக இருக்கும் அட்டை மறுபக்கம் என்றால், நான் எழுதியதைத்தான் எடுப்பேன். ஏலக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 10 ஃபெனிக் அட்டையிலிருந்து தொடங்குங்கள். நிறைய அச்சாகி நிறைய பறந்ததால் அது கைக்கெட்டும் விலைதான். இணையத்தில் வாங்கினால் இரண்டு பக்கப் படமும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் காட்டுகிறவரிடம் வாங்கவேண்டாம். வந்ததும் பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காத உறையில் போட்டு வையுங்கள், பிவிசி காலப்போக்கில் தலையின் மையைத் தின்றுவிடும். ஓரத்தில் ஒட்டு நாடா ஒட்டிய அட்டையாக வந்தால் நீங்களே பிய்க்க முயலாதீர்கள். அப்படியே விட்டுவிடுவது உத்தமம். வணக்கம்.