பங்குனி மாங்காயும் மத்தியானச் சோறும்

வணக்கம்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது மாலை ஆறரை மணி. ஃபிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு டப்பாவில் மத்தியானச் சோறு, கிண்ணத்தில் இரண்டு கரண்டி சாம்பார், மூன்று நாள் ஆன தோசை மாவு. இதைப் பற்றி மட்டும் பேசலாமென்றால் வருகிறேன் என்றேன். சரி என்றுவிட்டார்கள்.

'இளவேனில் காலச் சமையல்' என்று தலைப்பு வைக்கலாமா என்றும் கேட்டார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் மாசி முடிவதற்குள்ளேயே முதுகு நனைந்துவிடுகிறதே! தென்றலுக்கு ஆசைப்பட்டு வாசலில் உட்கார்ந்தால் கொசுதான் வருகிறது. ஆனாலும் மகாராஜநகர் உழவர் சந்தைக்குள் நுழைந்தால் பருவம் மாறியிருப்பது தெரிந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஒற்றைக் காயாக விலை பேசி வாங்கிய முருங்கைக்காய் இப்போது கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. வெள்ளரிப்பிஞ்சு, மாவடு, அப்புறம் மாங்காய்.

ராத்திரிக்கு எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. மிச்சத்தில் ஒன்று, சந்தையிலிருந்து புதிதாக ஒன்று. அதற்கு மேல் போனால் அதற்குப் பெயர் சமையல். நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து ஏழு மணிக்குச் சமையல் செய்ய என்னால் ஆகாது. அதனால் காலையில் சந்தைக்குப் போகும்போதே, வீட்டில் என்ன மிஞ்சும் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் பையைத் தூக்குவேன்.

மத்தியானச் சோறு மிஞ்சப் போகிறது என்றால் மாங்காய். எல்லா மாங்காயும் இதற்குச் சரிப்படாது. சந்தையில் எனக்கு வழக்கமாகக் காய் தரும் அம்மாள் ஒருநாள், நான் பொறுக்கி வைத்ததைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "எக்கா, இது பழுக்கத் தொடங்கிட்டு. பச்சடிக்குத்தான் ஆகும், சோத்துக்குப் புளிப்பு காணாது" என்றார். விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள், பேரம் பேச இடமில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு பலகையில் வராது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விளைவித்தவரே நேராக விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. விளைவித்தவருக்குத்தானே காயின் குணம் தெரியும்!

நாலு பேருக்கான சோற்றுக்கு நடுத்தரமான கிளிமூக்கு மாங்காயில் பாதி போதும். தோலைச் சீவிவிட்டுத் துருவிக்கொள்ளுங்கள். ஃபிரிஜ்ஜில் இருந்த சோறு விறைத்துக் கட்டி கட்டியாக நிற்கும். கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு உதிர்த்து, இட்லிக் கொப்பரையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் பருக்கை பருக்கையாக வந்துவிடும். கலந்த சாதத்துக்கு இப்படி ஆறி இறுகிய சோறுதான் வாகு. புதுச் சோறென்றால் குழைந்துபோகும்.

கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒரு பிடி நிலக்கடலை, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் போட்டுத் தாளித்துத் துருவலைச் சேர்த்தால், இரண்டு நிமிடம்தான். மாங்காயின் பச்சை நிறம் மங்கி லேசாக மஞ்சள் ஏறும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் கூழாகிவிடும். ஒரு பிடி தேங்காய், மூன்று வற்றல் மிளகாயோடு கால் ஸ்பூன் கடுகையும் வைத்துக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்ப்பது என் நாத்தனார் சொல்லிக் கொடுத்தது. அவள் பெங்களூரில் இருக்கிறாள், அங்கே மாங்காய்ச் சித்ரான்னத்தில் அப்படித்தான் செய்வார்களாம். கடுகு கூடினால் கசக்கும். முதல் தடவை நான் ஒரு ஸ்பூன் போட்டு, வீட்டில் யாரும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

இப்போது கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. போன வருஷம் இதே பங்குனியில், மத்தியானம் வடித்த சோற்றை அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டுக் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டோம். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, அவசரத்துக்கு எலுமிச்சைச் சாதமாகக் கிளறினேன். மோந்து பார்த்தேன், கெட்ட வாடையே இல்லை. நடுச்சாமத்தில் நாலு பேரும் குளியலறை வாசலில் வரிசையில் நின்றோம்.

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் விதை போன்ற நுண்ணுருக்கள் அரிசியிலேயே இருக்கும், கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியைக் கொடுக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து, சாப்பிட்டு எழுந்ததும் மிச்சச் சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவுக்குள் போய்விடும், டப்பா ஃபிரிஜ்ஜுக்குள் போய்விடும். ராத்திரியே தீர்த்துவிட வேண்டும். அப்படியானால் பழைய சோறு என்று கேட்பீர்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, அந்தப் புளிப்பு நல்ல பாக்டீரியாக்கள் செய்கிற வேலை. வேறு கதை. அதையும் விடிந்ததும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

சாம்பார் மிஞ்சினால் முருங்கைக்காய். பலர் செய்கிற தப்பு, மிச்சச் சாம்பாரிலேயே காயைப் போட்டு வேக விடுவது. காய் வேகிறதற்குள் பழைய கத்தரிக்காய் கரைந்து காணாமல் போய்விடும். காயைத் தனியாக உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வேக வைத்து, அந்தத் தண்ணீரோடு சாம்பாரில் கொட்டி ஒரு கொதி விட்டால் போதும். புதிதாகத் தாளித்துக் கொட்டினால், மத்தியானம் முகம் சுளித்தவர்களே கூட ஒரு தோசை கேட்பார்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சுண்டக்கறியை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பொங்கலுக்கு மறுநாள் சாம்பார், அவியல், பொரியல் எல்லாம் ஒரே மண்சட்டிக்குள் இறங்கி, சின்னத் தீயில் சுண்டிச் சுண்டி, கடைசியில் எது எதுவென்று தெரியாத ஒரு கறுப்பு. அதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். என் கணக்கு செல்லாத ஒரே இடம் அதுதான். ஆனால் இந்த வெயிலில் நான் அதைச் செய்வதில்லை. தை மாதக் குளிருக்கு அது சரி.

மாவு சீக்கிரம் புளிக்கும் காலம் இது. மூன்றாம் நாள் மாவில் தோசை வார்த்தால் வாயைக் கூசும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி, ஒரு பிடி முருங்கைக் கீரையும் போட்டுப் பணியாரக் கல்லில் ஊற்றிவிடுவேன். கீரையின் லேசான கசப்பில் புளிப்பு அடங்கிவிடுகிறது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் போதும்.

சில நாள் இந்த வழி எதுவுமே வேண்டாம் என்று தோன்றும். தயிர்ச் சோறும் மாவடுவும் போதும். மாவடு தீர்ந்த ஜாடியின் அடியில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். தயிர்ச் சோற்றில் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைந்து பாருங்கள்.

கடைசியாக வத்தல். வெயிலைப் பற்றி இவ்வளவு குறை சொல்லிவிட்டேன், அதனால் ஆகிற ஒரு காரியமும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் யாருக்கும் வேண்டாம் என்றால், தண்ணீரை வடித்துவிட்டு, பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கிள்ளிக் கிள்ளி வைத்துவிடுவேன். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவாக, காய்ந்தால் கரிக்கும். பங்குனி வெயிலுக்கு மூன்று நாள் போதும். பொரித்தால் எந்த மிச்சச் சாப்பாட்டுக்கும் துணை வரும்.

மூன்று நாள் இருந்தால்தான். போன ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்த்தேன். வேட்டியின் ஒரு ஓரம் முழுக்கக் காலி. காக்கை என்று நினைத்துப் பேத்தியைக் காவலுக்கு உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் இன்னொரு ஓரமும் காலி. "காக்காதான் ஆச்சி" என்றாள், வாய் நிறைய அரைக்காய்ச்சல் வத்தலை வைத்துக்கொண்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே இன்னும் ஈரம்.

வணக்கம்.