கன்னம் கேட்பது ஆடம்பரமா?

நடுவர் ஐயா அவர்களே, இந்தப் பனியிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நகரி மக்களே, எல்லோருக்கும் என் பொங்கல் வணக்கம்.

‘ஒட்டிப்போன முகத்தில் கொழுப்பு ஏற்றிக்கொள்வது தேவையா, ஆடம்பரமா?’ என்பது தலைப்பு. தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, “நெய்யும் முட்டையும் சாப்பிட்டால் கன்னம் தானாக வந்துவிடும், ஊசி எதற்கு?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, என் அக்கா அதையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தவள்.

12 வயதில் அவளுக்கு இடது கன்னம் வற்ற ஆரம்பித்தது. வலது பக்கம் பார்த்தால் சின்னப் பெண், இடது பக்கம் பார்த்தால் கிழவி. அம்மா காலையும் மாலையும் முட்டை அவித்துக் கொடுத்தார். வயிறு வந்தது, கன்னம் வரவில்லை. அதற்குப் பாரி-ராம்பெர்க் நோய் என்று பெயர் என்பதே எங்களுக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. முகத்தின் ஒரு பாதியில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் தசையும் வருஷக்கணக்கில் கரையும். சிலருக்கு எலும்பும் தேயும். இதற்கு நெய் என்ன செய்யும்?

நம் நகரி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்தானே, ரேஷன் கடைக்குப் போனால் ஒருவர் தமிழில் “உடம்புக்கு என்னம்மா?” என்பார், அடுத்தவர் தெலுங்கில் “ஏமயிந்தம்மா?” என்பார். இரண்டு பாஷையிலும் பதில் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துபோனாள். அப்புறம் முந்தானையை இடது பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள். தறி ஷெட்டில்கூட, இடது கைப் பக்கம் சுவர் இருக்கிற மூலைத் தறியைத்தான் கேட்டு வாங்குவாள். அங்கே வெளிச்சம் கம்மி. நூல் அறுந்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டும். இருந்தாலும் அந்தத் தறிதான் வேண்டும் என்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004-இல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நம் நாட்டில் இலவச கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டில் ஸ்டாவுடின் என்று ஒரு மாத்திரை. கூட்டு மருந்து உயிரைக் காப்பாற்றியது. ஆனால் ஸ்டாவுடின் பலருக்குக் கன்னக் கொழுப்பை உருக்கிவிட்டது. அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவித்தது. அதற்குள் எத்தனையோ பேருக்கு டொக்கு விழுந்த கன்னமே நோயை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. மருந்து கொண்டுபோன கன்னத்தை ஒருவர் திருப்பிக் கேட்டால் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஐயா.

சரி, என்னதான் செய்கிறார்கள்? பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நம் ஜனங்கள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. நம் வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி, சுத்தம் செய்து, கன்னத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். 1893-லேயே ஜெர்மனியில் நாய்பர் என்ற டாக்டர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்துக் குழியில் வைத்திருக்கிறார். ஏன் சொட்டுச் சொட்டாக? நாற்றுக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே சேற்றில் வைத்தால் நடுவில் இருப்பது அழுகும். பிரித்து நட்டால்தான் வேர் பிடிக்கும். கொழுப்பும் அப்படித்தான். சுற்றியுள்ள சதையிலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் பிழைக்கும். அப்படியும் ஒரு பகுதி, சிலருக்குப் பாதிகூட, முதல் சில மாதங்களில் கரைந்துவிடும். அதனால்தான் அக்காவுக்கு இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. முதல் தடவை முடிந்து வந்தபோது பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி முகம் உப்பியிருந்தது. அம்மா பயந்து அழுதார்.

எதிரணியில் பேசிய அம்மா, கண் போய்விடும் என்றார். அந்த ஆபத்து இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அபூர்வமாக, கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் பார்வை போகலாம். அதனால்தான் முனை மழுங்கிய குழாயை வைத்து, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். இதற்கென்று படித்த பிளாஸ்டிக் சர்ஜனிடம்தான் போக வேண்டும், பியூட்டி பார்லருக்குப் போகக் கூடாது. அந்த அம்மா சொன்னது, தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்காதே என்பதற்கு நல்ல காரணம். சிகிச்சையே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. கை ஒடிந்தால் பக்கத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட ஓடுகிறோம். கை கோணலாகச் சேர்ந்தாலும் வேலை செய்யுமே, கட்டு எதற்கு என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

அக்காவின் முகம் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் இரண்டாவது தடவை முடிந்து ஆறு மாதம் கழித்து, மூலைத் தறியை வேறொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாசல் பக்கத் தறிக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “இங்கே வெளிச்சம் நல்லா இருக்குடி” என்றாள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.