டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது பல வருஷமாக என் வேலை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது, "எந்த புரோட்டீன் பவுடர் வாங்கலாம் சார்?" நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் என்பேன்.

ஒரு தம்பி, ஒல்லியான பையன், வாளி மாதிரி ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு மாதமாகக் குடிக்கிறானாம், எடை ஐந்து கிலோ கூடிவிட்டது. கூடியதெல்லாம் இடுப்பில். பேண்ட் பொத்தான் போட முடியவில்லை, கை மட்டும் பழைய கைதான். டப்பாவின் முன்பக்கத்தில் பாறை போல ஒரு புஜம் படம் போட்டிருந்தது. திருப்பினோம். ஒரு வேளைக்கு 150 கிராம் பவுடர், அதில் புரதம் 25 கிராம். வகுத்துப் பார் என்றேன். செல்போனில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். நூற்றுக்குச் சுமார் 17. மீதி என்ன? சேர்மானப் பட்டியலில் அதிக எடையுள்ளதைத்தான் முதலில் எழுதுவார்கள். முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். இனிப்பு அதிகம் இருக்காது, ஆனால் சர்க்கரை போலவே சட்டென்று ரத்தத்தில் ஏறும் மாவுப்பொருள். பையன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நாலு மாதம் அவன் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் அந்த மாவைத்தான். எடை கூட்டுவதற்கென்று மாஸ் கெய்னர் என்ற பெயரில் விற்பவை பலவும் இப்படித்தான் இருக்கும்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், ஒரு ஸ்கூப்பில், அதாவது டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில், உள்ள புரதத்தை ஸ்கூப்பின் எடையால் வகுத்துப் பாருங்கள். 30 கிராமுக்கு 24 கிராம் என்றால் நூற்றுக்கு 80. பால் திரிந்தால் பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் புரதத்துக்கு வே (whey) என்று பெயர்; அதில் நல்ல கான்சன்ட்ரேட் வகை அந்த அளவில் இருக்கும். இன்னும் சுத்திகரித்த ஐசோலேட் வகை 90 வரை போகும், பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸும் அதில் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் அதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். மற்றவர்களுக்கு கான்சன்ட்ரேட்டே போதும்.

டப்பாவில் போட்டிருக்கும் அந்தப் புரத அளவையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1883-இல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். உணவில் இருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். இன்றும் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கிளைசின், டாரின் போன்ற, நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதையாவது கலந்துவிட்டால் அதுவும் புரதமாகவே கணக்கில் ஏறும். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் என்ற, நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்தார்களே, அதுவும் இதே ஓட்டையில் நுழைந்ததுதான். ஒன்றுமறியாத பச்சைக் குழந்தைகள். இன்றைக்கு நினைத்தாலும் மனம் ஆறவில்லை. ஆகவே புரோட்டீன் டப்பாவின் சேர்மானத்தில் கிளைசின், டாரின் என்று தனியாகப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். வெளி ஆய்வுக்கூடம் சோதித்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் ஏறக்குறைய போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை, பால், பருப்பு, மீன் என்று சாப்பாட்டில் வருவதை முதலில் கூட்டுங்கள், குறைவதற்கு மட்டும் பவுடர். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆகவேண்டும் என்று ஓட வேண்டாம், நாள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் முக்கியம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தாவரப் புரதம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். பட்டாணியும் அரிசியும் கலந்ததாக வாங்குங்கள், புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்றில் குறைவதை மற்றது ஈடுகட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த டப்பாவையும் திறக்க வேண்டாம். வணக்கம்.