நடுவில் விழும் பள்ளம்: வயதுவந்தோர் கல்வியும் தொழிற்பயிற்சியும் மாநிலப் பொருளாதாரமும்

அவையில் கூடியிருக்கும் ஆசிரியர்களுக்கும், பயிற்சிக்கூடங்களை நடத்துவோருக்கும், நிதித்துறையிலிருந்து வந்திருப்போருக்கும் வணக்கம்.

மாநிலப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது பள்ளிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அது தேவைதான். ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் வேலை பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டவர்கள். 35 வயதில் இருப்பவர் 60 வரை உழைத்தால் இன்னும் 25 ஆண்டு இருக்கிறது. இன்றைக்கே எல்லாப் பள்ளிகளையும் சீர்செய்துவிட்டாலும் அந்த மனிதருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவரை எட்டக்கூடியவை இரண்டுதான்: வயதுவந்தோர் கல்வி, தொழிற்பயிற்சி.

பெரும்பாலான அரசுகளில் இந்த இரண்டும் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. ஒன்று கல்வித்துறைக்கும் மற்றொன்று தொழிலாளர் துறைக்கும் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மாநிலம் தன் உழைப்புச் செல்வத்தை அதிகம் இழப்பது அந்த இடத்தில்தான். இன்று என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எழுத்தும் கணக்கும் தடுமாறுகிறவர்கள் ஏழை நாடுகளில் மட்டும் இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 16 முதல் 65 வயது வரையுள்ளோரின் திறனை அளந்து, 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டது. பங்கேற்றவை பெரும்பாலும் வசதியான நாடுகள். அங்கேயே சராசரியாக ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாசிப்பில் தொடக்கப் படியான முதல் நிலையிலோ அதற்குக் கீழோ நின்றார். இவர்களில் பலர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் அல்லர். சிறிய அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். நான்கு பக்கப் பாதுகாப்பு விதிகளில் தனக்கு வேண்டிய இரண்டு வரியைத் தேடி எடுக்கச் சொன்னால் திணறுவார்கள்.

இது உற்பத்தியில் எங்கே தெரிகிறது? மைக்ரோமீட்டரில் தசமப் புள்ளியைத் தவறாகப் படித்தால் உருப்படி கழிவுக்குப் போகிறது. செவிலியர் உதவியாளர் 0.5 மில்லியை 5 மில்லி என்று குறித்தால் உயிருக்கே ஆபத்து. இப்படி எதுவும் நடந்துவிடக்கூடாது என்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு படிவத்தையும் தானே நிரப்புகிறார். அவருடைய நேரம் அதிலேயே கரைகிறது. புதிய இயந்திரம் வாங்க வேண்டிய முதலாளி, இயக்க ஆளில்லை என்று பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் மாநிலத்துக்குப் பெரிய இழப்பு. ஆனால் எந்தக் கணக்கேட்டிலும் அது வராது.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். நல்ல பலன் தரும் தொழிற்பயிற்சிகள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. வாசிப்பும் கணக்கும் குறைந்தது நடுநிலைப்பள்ளி அளவுக்காவது இருக்க வேண்டும் என்கின்றன. அதில் தவறில்லை, பின்னமும் விகிதமும் தெரியாதவரை இயந்திரவியல் வகுப்பில் உட்காரவைத்தால் மூன்றாம் வாரம் நின்றுவிடுவார். ஆனால் தேர்வில் தோற்றவர் எங்கே போவார்? மாலைநேர எழுத்தறிவு வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று மணிநேரக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வகுப்பு நிலை உயர ஏறத்தாழ 150 மணி நேரக் கற்பித்தல் வேண்டும், அப்போதுகூட நான்கில் மூன்று பேருக்குத்தான் அது கைகூடும் என்பது அமெரிக்க வயதுவந்தோர் கல்வி ஆய்வுகள் தந்த கணக்கு. வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்றால் 40 வாரத்தில் 160 மணி. ஏட்டில் சரியாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் மாறும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பேருந்து தவறும். வருகை 70 சதவீதம் என்று வைத்தால் கிடைப்பது 112 மணிதான். ஆண்டு முடிவில் நிலை உயரவில்லை என்று ஆசிரியர் மீது குறை சொல்கிறார்கள். உண்மையில் மணிநேரமே போதவில்லை. இப்படி மூன்று நிலை ஏற நான்கு ஆண்டு ஆகும் என்று தெரிந்தால், கையில் வேலையும் வீட்டில் பிள்ளைகளும் உள்ளவர் எத்தனை காலம் வருவார்? முதலில் எழுத்து, பிறகு தொழில் என்ற வரிசையே அவரை வெளியே தள்ளுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகள் 2004 வாக்கில் ஐ-பெஸ்ட் என்ற முறையைத் தொடங்கின. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள்: தொழில் கற்பிப்பவர் ஒருவர், மொழியும் கணக்கும் கற்பிப்பவர் மற்றொருவர். வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியாவது இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். மாணவர் பின்னத்தைத் தனியே படிப்பதில்லை. குழாயின் விட்டத்தை அளக்கும்போதே படிக்கிறார். இரட்டைச் சம்பளம், கூட்டுத் திட்டமிடல் இவற்றை ஈடுகட்ட, வழக்கமாக ஒரு மாணவருக்குத் தரும் தொகையைப் போல் 1.75 மடங்கை மாநிலம் தந்தது. அந்த 1.75ஐ மறந்துவிட்டு முறையை மட்டும் நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழி ஆசிரியர் வகுப்பின் கடைசி வரிசையில் உதவியாளராக நிற்பார். இருவரும் சேர்ந்து பாடம் தயாரிக்கும் நேரத்துக்கு ஊதியம் இல்லாததால் அது நடக்கவே நடக்காது. இரண்டாம் ஆண்டில் சிக்கனம் என்று அவரை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது பழைய வகுப்புதான்.

பாடம் எழுதும் முறையும் இதில் முக்கியம். முதலில் வேலையிடத்துக்குப் போய் அங்கே புழங்கும் படிவங்கள், அளவுத் தாள்கள், எச்சரிக்கைப் பலகைகள் அத்தனையையும் திரட்ட வேண்டும். அவற்றில் வரும் சொற்களையும் கணக்குகளையும் பட்டியலிட வேண்டும். பெரும்பாலும் தசமம், பின்னம், விகிதம், சதவீதம், அலகு மாற்றம், வரைபடம் வாசித்தல் என்ற அளவில் பட்டியல் முடிந்துவிடும். பாடத்திட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். பாடநூலில் தொடங்கினால் பாதி நேரம் வீணாகும்.

நிதித்துறையினர் கேட்பது நியாயமான கேள்வி: இதெல்லாம் செலவு, வரவு எங்கே? ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. நூறு பேர் சேர்கிறார்கள், ஆளுக்கு 100 அலகு செலவு, மொத்தம் 10,000. அறுபது பேர் முடிக்கிறார்கள், 45 பேருக்குப் படித்த தொழிலிலேயே வேலை கிடைக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 50 அலகு கூலி கூடினால் மொத்தம் 2,250. போட்ட பணம் சுமார் நாலரை ஆண்டில் சமூகத்துக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது ஆளுக்கு 15 அலகு கூடுதலாகச் செலவழித்துக் குழந்தைகள் காப்பகம், பயணப்படி, வாரம் ஒருமுறை பேச ஒரு வழிகாட்டி ஆகியவற்றைத் தருகிறோம். முடிப்பவர் 80, வேலை பெறுபவர் 60 என்று உயர்ந்தால் செலவு 11,500, ஆண்டுப் பலன் 3,000. நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். வேலை பெற்ற ஒருவருக்கான செலவு 222 அலகிலிருந்து 192 ஆகக் குறைகிறது. காப்பகச் செலவை வெட்டுவது சிக்கனம் போலத் தெரியும். பாதியில் நிற்பவர்களுக்காகச் செய்த செலவு முழுவதும் வீணாகிறது என்பதை அந்தச் சிக்கனம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கூடும் கூலியில் மாநில வரியாக 8 சதவீதம் வந்தால் முதல் கணக்கில் ஆண்டுக்கு 180 அலகுதான். வரியை மட்டும் பார்த்தால் ஐம்பது ஆண்டு ஆனாலும் போட்ட பணம் திரும்பாது. வருமான வரியின் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போகும் அமைப்புகளில் செலவு மாநிலத்துக்கு, வரவு மத்திக்கு என்று ஆகிவிடுகிறது. பயிற்சிக்கு மத்திய நிதியைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வரவைப் பெறுகிறவர் செலவையும் பகிர வேண்டும். மற்றொன்று, அந்த 45 பேரில் சிலருக்குப் பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும். பொருளியலாளர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் 1978இல் ஒன்றைக் காட்டினார்: பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன்னால் அவர்களுடைய வருமானம் சரிந்திருக்கும், சரிந்தது எப்படியும் ஓரளவு மீளும். ஆகவே முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பலன் பெரிதாகத் தெரியும். 15 பேர் தாமாகவே மீண்டிருப்பார்கள் என்றால் முதல் கணக்கின் நாலரை ஆண்டு ஏழு ஆண்டை நெருங்குகிறது. அப்போதும் அது நல்ல முதலீடுதான்; ஆனால் சட்டமன்றத்தில் சொல்லும் எண் உண்மையாக இருக்க வேண்டும்.

பொறுமையும் வேண்டும். கார்ட், க்ளூவ, வெபர் ஆகிய பொருளியலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். இத்தகைய வேலைவாய்ப்புத் திட்டங்களின் பலன் முதல் ஆண்டில் கிட்டத்தட்ட இல்லை, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகே தெரிகிறது என்பது அதன் சாரம். காரணம் எளிது: படிக்கும் காலத்தில் கூலி குறைகிறது, முடித்தவர் புதிய தொழிலில் கீழ்ப்படியில் தொடங்குகிறார். டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1990இல் லீவை ஸ்ட்ராஸ் ஆடை ஆலை மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அதன் பிறகு 1992இல் தொடங்கியதுதான் பிராஜெக்ட் குவெஸ்ட் என்ற பயிற்சித் திட்டம். பெரும்பாலும் மருத்துவத்துறை வேலைகளுக்கான நீண்ட படிப்பு, வாரந்தோறும் வழிகாட்டியுடன் கூட்டம், கல்விக்கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் உதவி. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், தொடக்கத்தில் பங்கேற்றவர்கள் குறைவாகவே சம்பாதித்தார்கள். ஒன்பதாம் ஆண்டில், குலுக்கலில் தேர்வாகாதவர்களைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் அதிகம் பெற்றார்கள். முதலாண்டு அறிக்கையை வைத்து முடிவெடுத்திருந்தால் அந்தத் திட்டத்தை அன்றே மூடியிருப்பார்கள்.

யார் பணம் போடுவது என்பதில் முதலாளிகளின் தயக்கத்தைப் பழிக்க முடியாது. எங்கும் செல்லுபடியாகும் திறனைத் தன் செலவில் கற்றுக்கொடுத்தால் பக்கத்து ஆலை ஆளை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பல நாடுகள் எல்லோரிடமும் சிறு வரி வசூலித்துப் பயிற்சி நிதி வைக்கின்றன; சிங்கப்பூர் 1979 முதல் அப்படிச் செய்கிறது. ஆனால் வரி போட்டால் மட்டும் போதாது. பிரிட்டன் 2017 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களின் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தைத் தொழிற்பழகுநர் நிதிக்கு எடுத்தது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் நிறுவனங்கள் ஏற்கெனவே பணியில் இருக்கும் மேலாளர்களுக்கு உயர்நிலைப் படிப்புகளை வாங்கின. தொடக்கநிலை இடங்கள் சுருங்கின. நிதியில் ஒரு பங்கு அடிப்படை எழுத்து, கணக்கு நிலையில் உள்ளோருக்கே என்று சட்டத்தில் எழுதாவிட்டால், அது மேல்நோக்கித்தான் ஓடும்.

பணத்தை நேரே கற்பவர் கையில் கொடுத்துவிடலாமே என்பார்கள். இங்கிலாந்து 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்கு திறந்தது. பயிற்சி தருபவர் யார், என்ன தரம் என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாததால் போலி நிறுவனங்கள் புகுந்தன. 2001 நவம்பரில் மூடவேண்டியதாயிற்று. வழங்குநரைப் பதிவு செய்தல், முன்னறிவிப்பில்லாத ஆய்வு, கற்பவரிடம் நேரடி உறுதிப்படுத்தல், தொகையில் ஒரு பகுதியை முடித்த பின்பே விடுவித்தல் ஆகிய நான்கும் இல்லாமல் இந்த வழியில் இறங்கக்கூடாது.

மந்தநிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை கிடைக்காத காலத்தில் படிப்பதால் இழக்கும் கூலி குறைவு. வேலையின்மை அதிகமாக இருந்தபோது தந்த பயிற்சி கூடுதல் பலன் தந்ததை ஜெர்மனியின் தரவுகளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் வரவுக்குள் செலவு என்ற கட்டாயம் உள்ள மாநிலங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வகுப்புகளை மூடுகின்றன. நல்ல ஆண்டுகளில் பயிற்சிக்கென்று தனி இருப்பு நிதியைச் சேர்த்து, வேலையின்மை குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தானாகவே அது விடுபடும்படி விதி எழுத வேண்டும். அமைச்சரவை கூடி முடிவெடுக்கும்வரை காத்திருந்தால் மந்தநிலையே முடிந்துவிடும்.

கடைசியாக, அளவீடு. அமெரிக்காவின் 2014ஆம் ஆண்டுத் தொழிலாளர் பயிற்சிச் சட்டம் பயிற்சியை விட்டு வெளியேறிய இரண்டாம், நான்காம் காலாண்டுகளில் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. சான்றிதழ்களை எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நான்காம் காலாண்டு என்பது ஓராண்டுதான். எட்டாம், பன்னிரண்டாம் காலாண்டுகளையும் சேர்க்க வேண்டும். கூலிப் பதிவேட்டில் சுயதொழில் செய்பவரும் வேறு மாநிலம் போனவரும் இருக்கமாட்டார்கள். அவர்களை வேலையற்றோர் என்று எண்ணிவிடாமல் தனியே குறிக்க வேண்டும். வெற்றி விகிதத்தைக் காட்டுவதற்காகத் தேறக்கூடியவர்களை மட்டுமே சேர்க்கும் பழக்கமும் வரும். அதைத் தடுக்கச் சேர்க்கைப் படிவத்திலேயே வாசிப்பு நிலை, கணக்கு நிலை என இரண்டு கட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக முடிவை வெளியிட வேண்டும். இரு துறைகளும் ஒரே அடையாள எண்ணைப் பயன்படுத்தினால், எழுத்தறிவு வகுப்பை விட்டவர்களில் எத்தனை பேர் தொழிற்பயிற்சிக்குள் நுழைந்தார்கள் என்பது ஒவ்வொரு காலாண்டும் தெரியவரும். இன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அந்த எண்ணிக்கை எந்தத் துறையிடமும் கிடையாது. அடுத்த நிதியாண்டுக்குள் இரு துறைச் செயலர்களும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்க வேண்டிய முதல் அட்டவணை அதுதான்.